அச்சப்பூட்டு

ஜெசிந்தாவின் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு வினோலியா படியேறி வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். முப்பது வயதிருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், டேங்கர் லாரிகளைக் கழுவி நிறுத்துகிற யார்டு ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். யார்டின் நீலச் சட்டையோடேயே வந்திருந்தாள். லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, ஆன் பண்ணுனா டிஸ்க்கே இல்லைங்குது. நாலு நாளா இப்பிடித்தான்."

"உக்காரும்மா. பாத்துருவோம்," என்றாள் ஜெசிந்தா.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை வடித்தாள். மறுபடி போட்டு, எஃப்2 தட்டி அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். டிஸ்க்கின் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. பின்மூடியைக் கழற்றி, டிஸ்க்கை உருவி, அதன் பற்களை ரப்பரால் துடைத்துச் செருகிப் பார்த்தாள். அப்போதும் காலி. கடைசியில் அதைத் தன்னுடைய சோதனைப் பெட்டியில் மாட்டினாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்தப் பெட்டி படிக்காது. டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு."

"பொறவு ஏன்க்கா தெரியமாட்டேங்கு?"

ஜெசிந்தா அவளுடைய கைகளைப் பார்த்தாள். ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பூட்டு விழுந்திருக்கும்மா."

"நான் ஒண்ணும் பயப்படலையே," என்றாள் வினோலியா. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

சட்டம் வந்து ஆறு வருஷமாகியிருந்தது. அதற்கு முன்னால், ஆட்களைத் தூக்கிப்போய் அடித்து அவர்கள் கையாலேயே அவர்கள் கணினியைத் திறக்கவைப்பது நாட்டில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டிருந்தது. கடவுச்சொல், கைரேகை, முகம் எல்லாமே அடிக்குப் பணிந்தன. அடிக்குப் பணியாத ஒன்றைத் தேடி, கடைசியில் இதைக் கொண்டுவந்தார்கள். விசைப்பலகைக்குக் கீழே உள்ளங்கை படுகிற இடத்தில் ஓர் உணரி. கை வைத்தவரின் நாடியையும் வியர்வையையும் நடுக்கத்தையும் அது டிஸ்க்குக்குச் சொல்லும். பயம் என்று தெரிந்த மறுகணம் டிஸ்க் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் இயந்திரம் ‘டிஸ்க் எதுவும் இணைக்கப்படவில்லை’ என்றுதான் சொல்லும். அரசாணை அதற்கு அச்சப்பூட்டு என்று பெயர் வைத்தது. ஜனங்கள் பயப்பூட்டு என்றார்கள்.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அரிவாள் பிடித்தவனைப் பார்த்தால் மட்டும்தான் பயம் வரும் என்று நினைத்துவிட்டார்கள். பரீட்சை வாரத்தில் மாணவர்களின் டிஸ்க் காணாமல் போயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தவர்களின் டிஸ்க் காணாமல் போயிற்று. வீட்டில் அடிவாங்குகிற பெண்களின் டிஸ்க் வருஷக்கணக்கில் தெரியவே இல்லை. ஊரில் யார் யார் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறார்கள் என்பது பாவசங்கீர்த்தனம் கேட்கிற பங்குச் சாமியாருக்கும் முன்னால் ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிடும். அதை அவள் வெளியே சொல்வதில்லை. வந்தவர்களிடம் என்ன ஏது என்று கேட்பதும் இல்லை. அதைத் தொழில் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

அன்றைக்கும் அப்படித்தான். வினோலியாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். சால்டரிங் வேலை பார்க்கிற கஸ்பார், ஐம்பத்தெட்டு வயது மனிதர், கப்பலில் சமையல்காரராக இருந்த காலத்தில் கேப்டனுக்கு உப்புப் போடாத மீன்குழம்பு வைத்த கதையைச் சொன்னார். வினோலியா சிரித்தாள். அரைமணி நேரம் கழித்துக் கை வைத்தபோது டிஸ்க் தெரிந்தது. அவள் அவசர அவசரமாக எதையோ தேடித் திறந்தாள். அதற்குள் அவள் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக்கூடப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டதும் திரை இருண்டுவிட்டது.

"அடுத்த வாரம் வாரேன்க்கா," என்று பில்லை வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனாள். படி இறங்குகிறவரை ஜெசிந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பதினோரு நாள் கழித்து கஸ்பார் செய்தித்தாளை மடித்து அவள் முன்னால் வைத்தார். கடலில் தவறி விழுந்த பெண் ஊழியர் என்று ஐந்து வரிச் செய்தி. படத்தில் வினோலியா அதே நீலச் சட்டையில் இருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, தேங்கிக் கிடந்த வேலைகளைப் பார்ப்பதற்காக இருவரும் கடையைத் திறந்திருந்தார்கள். தெருவில் வேறு ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. வெயில் சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு இரண்டு பேர் மேலே வந்தார்கள். முன்னால் வந்தவன் வெள்ளைச் சட்டை, தோளில் லேப்டாப் பை. ஆபீஸில் வேலை பார்க்கிறவன் மாதிரி இருந்தான். பின்னால் வந்தவன் கதவை அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, அதில் சாய்ந்துகொண்டு, முதுகுப்பக்கம் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான்.

"அக்கா, என் பேரு ரீகன்," என்றான் வெள்ளைச் சட்டைக்காரன். "அவன் கொம்பையா. ஒரு சின்ன வேலை. முடிச்சிட்டுப் போயிருதோம்."

பையிலிருந்து எடுத்து வைத்த லேப்டாப்பை ஜெசிந்தா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது அந்தப் பிள்ளையோடது."

"ஆமா. அவ இப்போ இல்ல. மெசினுக்குச் சொந்தக்காரன் செத்துட்டா, லைசென்ஸ் வாங்குன ரிப்பேர்க்காரங்க கை வச்சாத் திறக்கும்னு சொன்னாங்க. மாவட்டத்துல நாலு பேருக்குத்தான் அந்தக் கை இருக்காமே. அதுல நீங்க ஒருத்தர்."

"கோர்ட் உத்தரவு வேணும்."

"உத்தரவுங்கது காகிதந்தானக்கா. மெசினுக்குக் காகிதம் தெரியுமா?" அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். "அவ ஒரு வீடியோ எடுத்து வச்சிருந்தா. யாருக்கோ அனுப்பணும்னு அலைஞ்சிருக்கா. அனுப்புனாளா, யாருக்கு அனுப்புனா, அந்தப் பேரு மட்டும் எனக்கு வேணும். வேற ஒண்ணையும் தொடமாட்டேன்."

அந்தப் பெயருக்கு உரிய ஆளுக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. கஸ்பார் எழுந்து, "தம்பி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா..." என்று தொடங்கினார். கொம்பையா அரிவாளின் மொட்டைப் பக்கத்தால் அவர் வாயில் அடித்தான். கஸ்பார் மேசைமேல் விழுந்தார். திருகுகள் வைத்திருந்த டப்பாக்கள் சிதறின. அவர் நிமிர்ந்தபோது கீழ்ப்பல் இரண்டு உதட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

ஜெசிந்தா கையை வைத்தாள். டிஸ்க் எதுவும் இணைக்கப்படவில்லை.

"நான் வேணும்னே செய்யலை," என்றாள். "பயந்தா திறக்காது. அதுக்குத்தான் அந்தப் பூட்டே. நீங்க அடிக்க அடிக்க அது திறக்காது."

"அடிச்சு எதுதான்ல திறக்காது?" என்றான் கொம்பையா. கஸ்பாரின் வலது கையை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி, ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். பச்சைக் குச்சி முறிகிற சத்தம் வந்தது. கஸ்பார் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான். நடுவிரலுக்குத்தான் கத்தினார்.

டிஸ்க் எதுவும் இணைக்கப்படவில்லை.

ரீகன் கையை உயர்த்தினான். "நிறுத்து. அக்கா சொல்லுதது சரிதான்." அவன் எழுந்து அரிவாளை வாங்கி, அவள் கண்ணில் படாதபடி அலமாரிக்குப் பின்னால் வைத்தான். மூலையிலிருந்த பானையில் தண்ணீர் மோந்து வந்து அவளிடம் நீட்டினான். கஸ்பாருக்கு ஒரு துணி கொடுத்தான். மின்விசிறியைக் கூட்டி வைத்தான். அப்புறம் உட்கார்ந்து, மெதுவாக, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினான்.

"மூச்சை இழுத்து விடுங்கக்கா. எனக்கும் வீட்டுல ஒரு மக இருக்கா. நாலாங்கிளாஸ். இப்பிடித்தான், இடி இடிச்சா நடுங்குவா. நான் முதுகைத் தடவிக்கிட்டே நூறு வரைக்கும் எண்ணுவேன். எண்ணுவோமா?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் எண்ணினான். அந்த அடிகளைவிட இதுதான் ஜெசிந்தாவை அதிகமாகப் பயமுறுத்தியது. நாற்பது வரும்போது தொடை நடுங்குவதை நிறுத்த முடியாமல் இரு முழங்கால்களையும் சேர்த்து இறுக்கினாள். நூறு வந்தது. கை வைத்தாள். திரையில் அதே வரி. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். இரண்டாவது நூறும் வந்தது.

கதவோரம் நின்றிருந்த கொம்பையாவுக்குப் பொறுமை போயிற்று. "ஒம்பது பேரை டேங்குக்குள்ள இறக்கி மூடும்போது இம்புட்டு நேரம் ஆகலை," என்றான்.

"வாயை மூடுல!" என்று ரீகன் திரும்பினான்.

அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது கஸ்பாருக்கு. ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தார். வயதான ஆள், தாழ்ப்பாள்வரைதான் போனார். கொம்பையா வாசலருகே கிடந்த பழைய பவர் சப்ளை பெட்டியைத் தூக்கி அவர் முகத்தில் இறக்கினான். அவர் சுவரில் சறுக்கி உட்கார்ந்தார். விழுந்த பிறகும் இன்னொரு தடவை இறக்கினான். இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் குமிழ்விட்டது. அப்புறம் அவர் அசையவில்லை.

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. அலறவும் இல்லை. தனக்குள்ளே ஏதோ அணைந்துபோனதை அவள் உணர்ந்தாள். கூட்டம் அலைமோதிய கடைவீதி திடீரென்று காலியான மாதிரி இருந்தது. தொடை நடுங்கவில்லை. உள்ளங்கை உலர்ந்திருந்தது. கஸ்பார் செத்துவிட்டார் என்று நினைத்தாள்; அதை நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் இந்தக் கதவுக்கு வெளியே போகப்போவதில்லை என்று மட்டும் தோன்றியது. அதில் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

லேப்டாப்பில் விசிறி சுழல்கிற சத்தம் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

"தெரிஞ்சிட்டு!" என்றான் ரீகன். "கையை எடுத்துராதீயக்கா. அப்பிடியே வைங்க."

அவள் இடது கையை எடுக்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. அவன் குனிந்து, அவளுடைய தோளுக்கு மேலாகக் கை நீட்டி, அஞ்சல் பெட்டியைத் திறந்தான். போனவை இருக்கிற பக்கத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்தான். அங்கே ஒரே ஒரு கடிதம். அதன்மேல் ‘அனுப்பப்படவில்லை’ என்று இருந்ததைப் பார்த்ததும் அவன் தோள்கள் தளர்ந்தன. சிரித்துவிட்டான்.

"அனுப்பலை! எழுதி வச்சிருக்கா, அனுப்பவே இல்ல. லேய் கொம்பையா, யாருக்கும் போகலைடே!" நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னான். "முடிஞ்சுதுக்கா. நாங்க போயிருதோம். அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. படியில விழுந்துட்டாருன்னு சொல்லுங்க."

லேப்டாப்பை மூடுவதற்காக அவன் மறுபடி குனிந்தான். சால்டரிங் இரும்பு காலையிலிருந்தே சூட்டில் இருந்தது. ஜெசிந்தா அதை வலது கையால் தாங்கியிலிருந்து எடுத்து, அவனுடைய காதுக்குக் கீழே, கழுத்தில் செருகினாள்.

தோல் பொசுங்குகிற நாற்றம் முதலில் வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான். அவன் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் மல்லாந்து சரிந்தான். "அக்கா... வேண்டாம்க்கா..." என்றான். அவள் உருவி மறுபடி குத்தினாள். மூன்றாவது தடவை குத்தும்போது அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் அவளுடைய இடது கை லேப்டாப்பிலேயே இருந்தது. திரை ஒருமுறைகூட இமைக்கவில்லை.

கொம்பையாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ளவே சில விநாடிகள் ஆயின. அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு அரிவாளை இழுத்துக்கொண்டு வந்தான். முதல் வெட்டு அவள் தோளில் விழுந்தது. சர்க்யூட் பலகைகளைக் கழுவ வைத்திருந்த ஸ்பிரிட் கேனை அவள் அவன்மேல் கவிழ்த்தாள். கொதிக்கிற இரும்பு அவன் சட்டையில் பட்டதும் நீலமாகப் பற்றிக்கொண்டது. அவன் தாழ்ப்பாளைத் தேடித் தேடிக் கதவில் அறைந்தான். தாழ்ப்பாள் கழன்றதும் எரிந்துகொண்டே படிகளில் உருண்டு தெருவில் போய் விழுந்தான். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள்தான் அவன்மேல் சாக்கைப் போட்டு அணைத்தார்கள்.

மேலே ஏறி வந்தவர்கள் ஜெசிந்தா கஸ்பாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அவருக்கு உயிர் இருந்தது.

இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தது நான்காம் நாள். கோவில்பட்டிக்காரர். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. கஸ்பாரின் இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன சற்று நேரத்தில், ஜெசிந்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். கூட வந்த காவலரை வெளியே அனுப்பினார்.

"கொம்பையா பிழைச்சுக்கிட்டான். நடந்ததை என்கிட்ட சொல்லிட்டான். ஆனா யார்டு முதலாளி பேரைக் கோர்ட்டுல சொல்ல மாட்டான். அம்மோனியா டேங்கைக் கழுவ ஒம்பது பேரை முகமூடி இல்லாம இறக்கியிருக்காங்க. உள்ளே கதறுன சத்தம் கேட்டதும் மூடியைச் சாத்தச் சொல்லிட்டார் முதலாளி. அப்புறம் ராத்திரியோட ராத்திரியா கடல்ல போட்டுட்டாங்க. ஒம்பது பேரும் வடக்கே இருந்து வந்தவங்க. தேடி வர ஆளில்லை. அவர் சொன்னது வினோலியா வீடியோவுல இருக்கு. வேற எங்கயும் இல்லை."

"அப்போ அதைக் கோர்ட்டுல குடுங்க."

"குடுக்கலாம். டிஸ்க் முழுசாத்தான் குடுக்க முடியும். அதுக்குள்ளேயே பூட்டோட பதிவும் இருக்கு. ஒவ்வொரு விநாடியும் கை வச்சவங்க நாடி என்னன்னு அதுல எழுதியிருக்கும். அதை லேப்ல வெளியே இருந்து பார்க்கலாம், பார்த்துட்டோம். ஆனா பிரிச்செடுக்க முடியாது." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜெசிந்தா, நீங்களே எத்தனை வழக்குல சாட்சி சொல்லியிருக்கீங்க? புருஷன் அடிக்கிறான்னு வந்த பொண்ணுங்களுக்காக."

"பதினேழு."

"என்ன சொல்லியிருக்கீங்க?"

"இந்தப் பதிவு பொய் சொல்லாதுன்னு."

"அதைக் கோர்ட்டு நம்பிடுச்சு. இப்போ அடிதடி வழக்குன்னாலே முதல்ல பதிவைத்தான் கேக்கிறாங்க. பயந்துபோய்ச் செஞ்சா தற்காப்பு. அன்னைக்கு அந்த ரெண்டு நிமிஷமும் உங்க நாடி அறுபத்தி ரெண்டு. கோயில்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இருக்கிற மாதிரி. மூணு குத்துக்கும் ஏறலை. அதைப் பார்த்தா எந்த நீதிபதியும் தற்காப்புன்னு எழுத மாட்டார்."

இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"கடைசியா தொட்ட லைசென்ஸ் கைதான் முதல் சான்று குடுக்கணும்னு விதி. இப்போ கை வைங்க. டிஸ்க் தெரியலைன்னா, தெரியலைன்னு எழுதுங்க. அதோட டிஸ்க் கிடங்குக்குப் போயிடும். நீங்க பொய் சொல்ல வேண்டாம். பயந்தா போதும். பயப்படுறதுக்கு உங்களுக்குக் காரணம் இருக்கு."

"ஏன் மேடம் எனக்காக இதைச் செய்யுதீய?"

"அந்த ரெண்டு பேர் கையால விழுந்த பிரேதம் எத்தனையை நான் எண்ணியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது."

ஜெசிந்தா கையை வைத்தாள். கம்பிக்குள்ளே கிடக்கப்போகிற வருஷங்கள் மனதுக்குள் வரிசையாக வந்து நின்றன. ஒற்றைக் கண்ணோடு கஸ்பார் கடையை எப்படி நடத்துவார் என்ற நினைப்பு வந்தது. கை ஈரமாயிற்று. டிஸ்க் எதுவும் இணைக்கப்படவில்லை.

"போதும்," என்றார் செண்பகவல்லி. பேனாவை நீட்டினார். "எழுதிடுங்க."

ஜெசிந்தா பேனாவை வாங்கினாள். அந்தக் கட்டத்துக்கு மேலே முனையை வைத்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. நான் குத்தும்போது அவன் எங்களை ஒண்ணும் செய்ய வரலை. போயிருதோம்னு சொன்னான். கஸ்பாரண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னான். சொல்லி முடிச்ச பொறவுதான் குத்துனேன்."

"இதை என்கிட்ட சொல்லாதீங்க."

"முதல் குத்துக்கே அவன் விழுந்துட்டான். வேண்டாம்க்கான்னு சொன்னான். அவனுக்கு நாலாங்கிளாஸ் படிக்கிற மக இருக்கான்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ரெண்டாவது தடவை குத்துனேன். மூணாவது குத்து எதுக்குன்னு எனக்கே தெரியலை. பதிவு பொய் சொல்லலை மேடம். நான் பயப்படலை."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெசிந்தா மடியில் கையைத் துடைத்தாள். நான்கு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. மறைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி கையை வைத்தாள்.

டிஸ்க் தெரிந்தது. ரீகன் திறந்து வைத்திருந்த அதே பக்கம் வந்தது. சான்று கொடுக்கிறவர் பெறுநர், தேதி, நிலை ஆகிய மூன்று வரிகளைத்தான் பார்க்கலாம். கடிதத்தைப் படிக்கக்கூடாது என்பது விதி. அவள் அந்த மூன்று வரிகளைப் பார்த்தாள்.

பெறுநர் என்ற இடத்தில் அவளுடைய கடையின் மின்னஞ்சல் முகவரி இருந்தது.

தேதி, வினோலியா கடைக்கு வந்துவிட்டுப் போன அந்த வியாழக்கிழமை. நிலை என்ற இடத்தில் இப்படி இருந்தது: அனுப்பும் முயற்சி பதினான்கு. ஒவ்வொரு முறையும் டிஸ்க் துண்டிக்கப்பட்டதால் கைவிடப்பட்டது.

ஜெசிந்தா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாள், பதினான்கு தடவை, அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து கையை வைத்திருக்கிறாள். அரிவாள்காரர்களிடமிருந்து காப்பாற்ற வந்த பூட்டு அவள் கையையும் நம்பவில்லை.

"என்ன?" என்று கேட்டார் செண்பகவல்லி.

"எனக்குத்தான் எழுதியிருக்கா," என்றாள் ஜெசிந்தா. படிவத்தில் ‘டிஸ்க் இயங்குகிறது’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தோள் தையல் வலித்ததால் கையெழுத்து கோணலாக விழுந்தது.

யார்டு முதலாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொம்பையாவுக்கும் அதேதான். ஜெசிந்தாவின் வழக்கு தனியாக நடந்தது. கஸ்பார் ஒரு கண்ணில் கட்டோடு கூண்டில் ஏறி, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொன்னார். தான் மயங்கிய பிறகு நடந்ததை அவரால் சொல்ல முடியவில்லை. அதைப் பதிவு சொன்னது. நீதிபதி வயதானவர். இரண்டு நாள் தள்ளிவைத்து யோசித்தார். குற்றவாளி என்று அறிவித்துவிட்டு, ஏழு ஆண்டு என்று எழுதுவதற்கு முன்னால், கடைசியாக ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார்.

"ஒரு கடுதாசி இருக்குங்கையா," என்றாள் ஜெசிந்தா. "எனக்கு எழுதுனது. அந்த வழக்குல சான்றா வச்சிட்டதால என்கிட்ட தரலை. நான் இன்னும் படிக்கலை. இங்கன வச்சு யாராச்சும் வாசிச்சுக் காட்டுனா நல்லாருக்கும்."

அரசு வக்கீல் எழுந்தார். எதிர்ப்பதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி தலையசைத்தார். கோப்புக் கட்டிலிருந்து அச்செடுத்த தாளைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பெஞ்சு கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சம்மன் வாசிக்கிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் தொடங்கினார். "அக்கா, நீங்க யாருன்னு எனக்குச் சரியாத் தெரியாது. உங்க பில்லுல இந்த அட்ரஸ் இருந்தது. இவங்க பேரு எல்லாம் ஒரு தாள்ல இருக்கணும்னு நினைச்சேன். வேற யார்கிட்ட சொல்லன்னு தெரியலை."

அதற்குக் கீழே ஒன்பது பெயர்கள் இருந்தன. ஊர்ப் பேரோடு எழுதியிருந்தாள். கிளார்க்குக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. மூன்றாவது பெயரில் தடுக்கி நின்று, அடுத்ததற்குத் தாண்டப் பார்த்தார்.

"அதைத் திரும்ப வாசிங்கய்யா," என்றாள் ஜெசிந்தா.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒன்பதாவது பெயர்வரை வாசித்து முடிக்கிறவரை ஜெசிந்தா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.